மதகுக்கு நடுவே ஒரு படகு

...அப்படியானால் இந்தக் கூடத்தில் அந்த ஆய்வேட்டை முழுசாகப் படித்தவர்கள் யாருமே இல்லையா, பல்கலைக்கழகக் கட்டியங்காரர் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார், இனி முக்கால் மணி நேரம் கழித்து அவரே வந்து கோலைத் தரையில் தட்டும்வரை யாரும் எழுந்து போக முடியாது, கறுப்பு அங்கிக்குள் முதுகு வியர்க்கிறது, வெல்வெட் தொப்பி நெற்றியை அழுத்துகிறது, தேர்வுக் குழுவில் எத்தனை பட்டங்களுக்கு இப்படி வந்து உட்கார்ந்திருப்பாள் சிட்ஸ்கே, ஒருநாளும் இப்படிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததில்லை. எதிரே சின்ன மேசைக்குப் பின்னால் யோரித் நிற்கிறான், முனைவர் பட்டத்துக்குத் தன் ஆய்வேட்டை வாதாடிக் காக்க வந்தவன், வாடகைக் கோட்டு தோளில் தொங்குகிறது, பக்கத்துக்கு ஒருவராகத் துணைக்கு இரண்டு நண்பர்கள். முதல் பேராசிரியர் ஏதோ கேட்கிறார், அழகாகப் பதில் சொல்கிறான், பயப்படாத குரல். கேள்வி கேட்பதில் கடைசி முறை அவளுடையது. அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது, அதை அவன் அப்படியே அவளிடம் திருப்பிக் கேட்டுவிட்டால்...

ஆய்வேடு புயல் மதகைப் பற்றியது. கடல் பொங்கும்போது ஆற்றின் வாயை அடைக்கிற இரண்டு பெரிய இரும்புக் கதவுகள், வருகிற குளிர்காலம் முதல் எப்போது மூடுவது எப்போது திறப்பது என்பதை ஒரு மென்பொருளே முடிவு செய்யும், மனிதர் கை வைக்க வேண்டாம். அந்த மென்பொருளை எழுதியது இயந்திரம். அது தப்புச் செய்யாது என்ற நிரூபணத்தை எழுதியதும் இயந்திரம். நிரூபணம் சரி என்றது இன்னொரு இயந்திரம். போகட்டும், அந்தச் சரிபார்க்கிற இயந்திரத்தை அவள் நம்புகிறாள், அதை உருவாக்கிய தலைமுறையில் அவளும் ஒருத்தி, அது பொய் சொல்லாது... ஆனால் எதற்குச் சரி? மதகு எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்கிற விதிகள் இருக்கின்றனவே, அவையும் இயந்திரம் எழுதியவைதான், நான்காம் அத்தியாயம், கணிதக் குறிகளில், பக்கம் பக்கமாக, புரட்டப் புரட்ட முடியாமல். கேட்டதை அப்படியே செய்கிறது என்று நிரூபித்துவிட்டார்கள். என்ன கேட்டோம் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அந்த அத்தியாயத்தின் பாதியில் அவளுக்குக் கண் எரிந்தது, நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடினாள், அந்த நாளை வரவில்லை, ஏற்கத்தக்கது என்று குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டாள். கண் எரிந்ததாம். கண்ணா எரிந்தது?

மதியம் உணவுக்கூடத்தில் கெர்பிரான்டிடம் அதைச் சொல்லிப் பார்த்தாள். யோரித்தின் ஆய்வு வழிகாட்டி அவன்தான், இதே கெர்பிரான்ட்தான் முன்னொரு காலத்தில் ரயில் பிரேக் மென்பொருளுக்கு அவள் கையால் எழுதிய நிரூபணத்தில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இரண்டு குளிர்காலம் அவளை விடவில்லை, எனக்குப் புரியல, புரிய வை, புரிய வை என்று, காபிக் கடைக்காரர் வெளியே போகச் சொல்லும்வரை இருவரும் கத்திக்கொண்டார்கள், கடைசியில் அந்த வரி தப்பாகவே இருந்தது. ஒருவர் இன்னொருவருக்குப் புரிய வைப்பது, இந்தத் துறை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்ததே அவ்வளவுதான். இன்றைக்கு அவன் ரொட்டிக்குள் பொரித்த இறைச்சிக் குரோக்கெட்டை நசுக்கிக்கொண்டு, மோரை ஒரு வாய் குடித்துவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான், "யாருதான் முடிச்சா? உன் வயசுக்கு நீ பாதி படிச்சதே பெரிசு." வாயோரம் கடுகுச் சாந்து. நீ படித்தாயா என்று அவள் கேட்கவில்லை, அவன் இல்லை என்றுவிட்டால் பிறகு என்ன செய்வது. அடுத்த வருஷம் அவள் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தை நிரப்பப் போவதில்லை என்று துறைத்தலைவர் ரொம்ப மரியாதையாகச் சொல்லியாகிவிட்டது, அவள் பாடத்துக்கு மாணவர்கள் சேருவதில்லை, புரிந்துகொள்ள ஆள் எதற்கு, விடைதான் வந்துவிடுகிறதே... வயிற்றெரிச்சல் என்பார்கள். இருக்கட்டும், எரியத்தான் செய்கிறது.

அவள் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். வழக்கமான மரியாதைச் சொற்களை வாய் தானாகச் சொல்கிறது, பிறகு கேட்டுவிடுகிறாள், மதகு மூடுகிறது, கதவுகளுக்கு நடுவில் ஒரு படகு எஞ்சின் நின்றுபோய்க் கிடக்கிறது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், நான்காம் அத்தியாயம் என்ன சொல்கிறது? யோரித் பக்கத்தில் நிற்பவர்களைத் திரும்பிப் பார்க்கிறான். நண்பர்களில் ஒருவன் ஆய்வேட்டைப் புரட்டுகிறான், எதைத் தேடுவது என்று தெரியாமல்.

"அது இருக்கணும், பேராசிரியர்."

"இருக்கணுமா, இருக்கா?"

அவன் மேசையைப் பார்க்கிறான். பிறகு அவளை. அந்தப் பார்வையில் திமிர் இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"எனக்குத் தெரியாது. நீங்க ஏத்துக்கிட்டீங்கன்னு சொன்னாங்க. நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

கூடத்தில் யாரோ இருமுகிறார்கள், கெர்பிரான்ட் தன் கைவிரல்களை ஆராய்கிறான், சொல்லிவிடு, நானும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு, இரண்டே சொல், முப்பது வருஷமாக வகுப்பில் சொன்னாயே புரியாததைப் புரியவில்லை என்று சொல்கிறவன்தான் விஞ்ஞானி என்று, சொல்... கதவு திறக்கிறது, கோல் தரையில் மோதுகிறது, நேரமாயிற்று என்று லத்தீனில் கட்டியங்காரரின் குரல். எல்லோரும் எழுகிறார்கள். அவளும். எழுந்த வேகத்தில் தன் மூச்சு இலேசாவது தெரிகிறது, அதற்காகத் தன்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

பக்கத்து அறையில் குழு கூடியபோது யாரும் உட்காரக்கூட இல்லை. கடைசிக் கேள்வி கொஞ்சம் கடுமை என்று ஒருவர் சிரித்தார். கெர்பிரான்ட் அவளிடம் தணிந்த குரலில், "பையனுக்கு நீர்வாரியத்துல வேலை ஆயிடுச்சு சிட்ஸ்கே, கெடுத்துடாத," என்றான். ஆட்சேபம் உண்டா என்று தலைவர் கேட்டார். ஆட்சேபிக்க வேண்டுமானால் முதலில் தான் படிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. அவ்வளவுதான், ஒரு தலையாட்டல். யோரித் பட்டம் வாங்கினான், கூடம் கைதட்டியது, அவளும் தட்டினாள்.

விருந்தில் எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யோரித்தின் அம்மா வரிசையைத் தாண்டி வந்து அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள், செம்பட்டை முடி, சொரசொரத்த உள்ளங்கை. வீடு மதகுக்கு உள்பக்கம்தானாம், கரையை ஒட்டி, மாமனார் ஊரையே மூழ்கடித்த அந்தப் பழைய வெள்ளத்தில் விடியும்வரை கூரைமேல் உட்கார்ந்திருந்தவராம். "இனிமே காத்தடிச்சாலும் நிம்மதியா தூங்குவோம்," என்கிறாள், "அதான் நீங்கல்லாம் பாத்துட்டீங்களே." சிட்ஸ்கே ஏதோ சொன்னாள், மகன் நன்றாகப் பேசினான் என்றோ என்னவோ, கையை விடுவித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். யாரைக் கேட்பது? யோரித்துக்குத் தெரியாது, கெர்பிரான்டுக்குத் தெரியாது, தானே உட்கார்ந்து படித்தால் குளிர்காலம் வந்து போய்விடும்... அங்கிப் பைக்குள்ளிருந்து தொலைபேசியை எடுத்து, ஆய்வேட்டை அதிலிருக்கும் இயந்திரத்துக்குக் காட்டி, படகைப் பற்றிக் கேட்டாள். கண் இமைப்பதற்குள் பதில். ஆம், அப்படியொரு விதி இருக்கிறது, படகு வெளியேறும்வரை கதவுகள் நிற்கும், நல்ல கேள்வி.

தோள்கள் இறங்கின. மதியத்திலிருந்து நெஞ்சில் கிடந்தது கரைந்து போனது, பசிகூட எடுத்தது, தட்டிலிருந்து ஒரு பாலாடைக்கட்டித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தூரத்தில் நின்ற அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள், அவளும் சிரித்தாள். யாரோ ஒயின் கொடுத்தார்கள். கோப்பை உதட்டைத் தொட்ட பிறகுதான் உறைத்தது, அந்த விதி ஆய்வேட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை.