ஏழாம் விதி

பதுளை பஸாரில் எனக்கு மிளகாய்க் கடை. எழுபத்தைந்தாம் வருஷம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனபோது, அவருடைய பங்களாவில் கிடந்த பழைய மோட்டார் சஞ்சிகைகளை நிறுத்து வாங்கினேன். மிளகாய் சுற்றிக் கொடுக்கத்தான் வாங்கினேன். ஒரு தாளைக்கூடக் கிழிக்க மனம் வரவில்லை. போர்மியூலா வன் கார் ரேஸில் எந்த அணியின் கார் எந்த வளைவில் தடுமாறும், யாருக்கு அடுத்த வருஷம் சீட் கிடைக்காது என்பதெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. தெரிந்ததை வாய்க்குள் வைத்திருக்கும் ஆள் நான் இல்லை.

என்னோடு மல்லுக்கு நிற்க பண்டாரவளையில் ஒருத்தன் இருந்தான். வாஹித், என் தங்கை ஜெனீராவின் புருஷன். அந்தச் சஞ்சிகைகளை அவனுக்கு இரவல் கொடுத்ததும் நான்தான். பெருநாள் சாப்பாட்டில்கூட எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்கள்.

எழுபத்தாறில் ஊவா மோட்டார் சங்கம் மலையேறும் கார்ப் போட்டி ஒன்று வைத்தது. எங்கள் பதுளை அணிக்காக மெக்கானிக் மர்ஸூக் தன் கராஜில் ஒருவர் மட்டும் உட்காரும் கார் ஒன்றைக் கட்டினான். அதை ஓட்டியவன் சிவஞானம், மடுல்சீமைத் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறி ட்ரைவர். பண்டாரவளை அணிக்குப் புஹாரி, அரிசி ஆலை முதலாளியின் மகன். சனிக்கிழமை தகுதி ஓட்டம்: ஆளுக்கு இரண்டு தரம், நல்ல நேரம் கணக்கு, முதல் ஆறு பேர் ஞாயிறு போட்டிக்கு. ஞாயிறு ஜெயிக்கிறவனுக்குக் கொழும்புக் கம்பெனி ஒன்றின் ரேஸ் அணியில் சீட், மாதச் சம்பளம், இருக்க வீடு. புஹாரிக்கு அது ஊரில் பெயரெடுக்கும் வழி. சிவஞானத்துக்கோ, மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் தோட்ட லயத்தின் ஒற்றைக் காம்பராவிலிருந்து வெளியே கொண்டுபோகும் ஒரே வழி.

சிவஞானம் இரண்டாவது ஓட்டத்தில் எல்லாரையும் முந்தினான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். புஹாரியின் கார் முதல் ஓட்டத்தில் பாதி மலையில் நின்றது, இரண்டாவதில் இருமிக்கொண்டே ஏறியது. பிறகு அவன் வாப்பா, ஆலைக்காரர், நேரம் எடுக்கிறவர்களிடம் போய் ஏதோ பேசினார். புஹாரிக்கு மூன்றாவது ஓட்டம் கிடைத்தது. அதில் அவன் சிவஞானத்தை விட அரை செக்கனால் முந்தி, பட்டியலில் முதலாவது ஆனான்.

"பாத்தியா மச்சான்?" என்று வாஹித் என் முகத்துக்கு நேரே கையை ஆட்டினான். "கொழுந்து லொறி ஓட்டுறவன் எங்கட புஹாரிக்குப் பக்கத்தில நிப்பானா?"

"மூணு தரம் ஏறி அரை செக்கனா? வெக்கமில்லையாடா? ஒங்கட புஹாரிக்கு மொத எடத்தக் குடுத்தது அவன்ட கையா, வாப்பாட காசா?"

"ஒங்கட காரு தகர டப்பா!"

"அந்தத் தகர டப்பா ரெண்டு தரத்தில ஏறின மலைய ஏற ஒங்களுக்கு மூணு தரம் வேணும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாஹித் என் சட்டையைப் பிடித்தான், நான் அவனுடையதைப் பிடித்தேன். மர்ஸூக் நடுவில் புகுந்து பிரித்துவிட்டான். விதிப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். ஏழாம் விதி: இரண்டு ஓட்டத்துக்கு மேல் ஓடியவர் நீக்கப்படுவார். அங்கேயே, காரின் முதுகில் தாளை வைத்து முறைப்பாடு எழுதத் தொடங்கினேன்.

சிவஞானம் பக்கத்தில் வந்து நின்றான். "விடுங்க மொதலாளி. நான்தான் உள்ள வந்துட்டேனே. நாளைக்கு ரோட்டுல பாத்துக்கிறேன். கடைசி வளைவுல புஹாரி பிரேக்க முந்தியே மிதிச்சிர்றாரு."

"நீ சும்மா இரு" என்றேன்.

சங்கத்தின் செயலாளர் வயதான சிங்களவர், நல்ல மனுஷன். தாளை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஸலீம், இதை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் மெதுவாக. அவரையும் ஆலைக்காரர் வாங்கிவிட்டார் என்று நினைத்தேன். விதி என்றால் விதி, எழுத்துக்கு எழுத்து பார்க்க வேண்டும் என்று மேசையில் தட்டினேன்.

எனக்குப் பின்னால் வாஹித் வந்து நின்றிருந்தான். "சரி, எழுத்துக்கு எழுத்து பாப்பம். பதுளைக்காரன்ட விண்ணப்பத்தையும் எடுங்க."

செயலாளர் எடுக்கவில்லை. வாஹித்தே கோப்பை இழுத்துப் புரட்டினான். சிவஞானத்தின் தாளில் அடையாள அட்டை இலக்கத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. மூன்றாம் விதி: அட்டை இல்லாதவர் ஓட முடியாது. பிரஜாவுரிமை இருந்தால்தான் அட்டை; இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழனான சிவஞானம் அதற்கு எழுதிப்போட்டு எட்டு வருஷம். இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. என் அட்டை என் சட்டைப்பையில் இருந்தது. இன்னொருத்தனுக்கு அது இல்லாமல் இருக்கலாம் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. செயலாளர் யோசித்திருக்கிறார், கண்டும் காணாமல் விட்டிருக்கிறார்.

இரண்டு பெயரையும் சிவப்பு மையால் வெட்டினார். புஹாரி தோளைக் குலுக்கிவிட்டு வாப்பாவின் காரில் ஏறிப் போனான். அடுத்த வருஷமும் அவன் வரலாம். வாஹித் என்னைப் பார்க்காமல் நழுவினான்.

சிவஞானம் தலைக்கவசத்தைக் கழற்றி மர்ஸூக்கிடம் கொடுத்தான். நான் அவன் பின்னால் ஓடினேன்.

"சிவஞானம், நில்லு. கொழும்புக்கே எழுதுறன். நான் விட மாட்டன்."

"இன்னும் எழுதப் போறீங்களா?"

அவன் சத்தம் போடவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க மொதலாளி. நான் ஜெயிக்கணும்னு நெனச்சீங்களா, ஒங்க மச்சான் தோக்கணும்னு நெனச்சீங்களா?"

மடுல்சீமை பஸ் வந்து நின்றது. அவன் படியில் கால் வைத்து, என் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தான். கண்டக்டர் மணி அடித்தான். நான் வாய் திறக்கவில்லை.