புடலைப் பந்தலில் நான்கு கம்பிகள்

என் இடக்கை விரல்கள் குட்டையானவை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, சான்றாகச் சொல்கிறேன். அருளப்பன் மெல்லிசைக் குழுவில் நான் பேஸ் கிதார் வாசித்த காலத்தில், எல்லா ஊர்த் திருவிழாக்களிலும் கேட்டு வாங்கப்படும் ஒரு காதல் பாட்டின் இடையிசையில், ஒரே இடத்தில், ஒரே அளவு பிந்தி வந்தேன். குழு முழுவதும் ஒரு சுரத்தில் போய் நின்றபின், பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் வந்துசேரும் தூரத்து உறவினனைப் போல என் சுரம் வந்துசேரும். அந்தப் பிந்துதலிலும் ஓர் ஒழுங்கு இருந்ததை யாரும் பாராட்டியதில்லை.

காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. கிதாரின் கழுத்து. மதுரையில் ஒரு தச்சர் பலா மரத்தில் செய்து கொடுத்த கிதார் அது. கட்டில் கால் கடைந்து பழகியவர். மேல் கம்பியின் தொடக்கத்திலிருந்து கீழ்க் கம்பியின் நடுப்பகுதிக்குக் கை தாவ வேண்டிய அந்த இடத்தில், உலக்கை போன்ற கழுத்தைச் சுற்றி என் விரல்கள் வளைவதற்குள் பாட்டு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

பகலில் நான் திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். பிழை எங்கே பிறக்கிறது என்று காண்பது என் தொழில். ஆகவே கழுத்தில்தான் பிறக்கிறது என்று நான் சொன்னபோது, மறுத்துப் பேசும் தகுதி யாருக்கும் இல்லை என்றே கருதினேன். என் மனைவி கனகா மறுக்கவுமில்லை.

“கைய மாத்த முடியாதுல்ல. கிட்டார மாத்துங்க” என்றாள். “அதுக்காக சோத்தையும் வெஞ்சனத்தையும் ஆறப் போட்டுட்டு அந்தக் கழுத்தையே தடவிக்கிட்டு இருக்காதீக.”

எண்பத்தேழாம் ஆண்டுத் தை மாதத்தில், மேட்டுப்பட்டியில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் தகரக் கொட்டகையில், அருளப்பன் என்னைத் தனியாக அழைத்தார். தனியாக என்றால், டிரம்ஸ் வாசிக்கும் சூசைக்கு நன்றாகக் கேட்கும் தொலைவில்.

“கோவிச்சுக்கக் கூடாது சார். மச்சினன் சிங்கப்பூர்லருந்து கீபோர்டு கொண்டாறான். எடக்கையில அதுவே பேஸும் போட்டுருமாம்.”

“ஒலி எப்படி இருக்கும்?”

“கரெக்டா இருக்கும்.”

நான் கேட்டது ஒன்று; அவர் பதில் சொன்னது வேறொன்றுக்கு.

“மாசியில சித்தையன்கோட்டையில கச்சேரி. அந்த எடத்த அன்னைக்கு ஒழுங்கா வாசிச்சிட்டீங்கன்னா, சத்தியமா கீபோர்டுல பேஸ தொடமாட்டேன். இல்லேன்னா…”

“இல்லேன்னா சாருக்கு மராக்கஸக் குடுத்துருவோம்ணே” என்றான் சூசை. “அது ரெண்டு கிலுகிலுப்பைதான. எப்பக் குலுக்குனாலும் பாட்டோட சேந்துக்கிரும்.”

நான் சிரிக்கவில்லை. கழுத்து மெலிந்த ஒரு கிதார் கிடைத்தால் சித்தையன்கோட்டையில் பிழையே நேராது என்றேன். அதற்குப் பழைய இசைத்தட்டுகளில் கேட்கும் உருண்டையான ஒலியும் இருக்க வேண்டும் என்றேன். மண்பானைக்குள் புறா குமுறுவது போன்ற ஒலி என்று விளக்கினேன். சூசை என்னை இரக்கத்தோடு பார்த்தான். ஆனால் மறுவாரம் தகவலோடு வந்தவனும் அவனே.

“சேவுகம்பட்டியில பொன்ராஜுன்னு ஒரு சம்சாரி சார், தோட்டம் வச்சிருக்காரு. அவுக அண்ணன் கொடைக்கானல்ல ஒரு தொரை பங்களாவுல சமையலுக்கு இருந்தாராம். தொரை ஊருக்குக் கெளம்பையில கிட்டார இவுக தலையில கட்டிட்டுப் போயிட்டானாம். நாலே கம்பிதானாம்.”

என் கிதாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வத்தலக்குண்டு பேருந்தில் ஏறினேன். “ஏர்க்கலப்பையெல்லாம் மேல போடுங்க சார்” என்றார் நடத்துநர்.

பொன்ராஜின் மோட்டார் அறையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் மண்வெட்டிக்கும் நடுவே, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது நான் தேடியது. தூசியைத் துடைத்து இடக்கையால் கழுத்தைப் பற்றினேன். பிடி முழுதும் கைக்குள் அடங்கியது. வாழ்வில் முதன்முறையாக என் விரல்கள் போதுமான நீளத்தில் இருந்தன. ஆனால் கம்பிகள் இல்லை.

“கம்பி எங்கே?”

“கம்பியா? அது பந்தல்ல இருக்கு அப்பு.”

வெளியே, கல்தூண்களின் மேல் புடலைப் பந்தல் படர்ந்திருந்தது. நான்கு மூலைத் தூண்களையும் தரையில் அடித்த முளைகளோடு இழுத்துக் கட்டியிருந்தவை அந்த நான்கு கம்பிகள். குனிந்து தொட்டுப் பார்த்தேன். என் கம்பிகளைப் போல வரிவரியாகச் சொரசொரக்கவில்லை. மேலே தட்டையான நாடா சுற்றி வழவழவென்று இருந்தன. பழைய இசைத்தட்டுகளின் ஒலி இவ்வகைக் கம்பியில் இருக்கிறது என்று எங்கோ படித்திருந்தேன். ஒன்றைச் சுண்டினேன்.

புறா குமுறியது. பந்தலின் அடியில் வரிசையாகத் தொங்கிய புடலங்காய்கள் மெல்ல ஆடின. நான் நெடுநாள் தேடிய ஒலி, உரிய செழுமையோடு, ஒரு காய்கறியின் பொறுப்பில் இருந்தது. இன்னொரு முறை சுண்டினேன், பூக்கள் உதிர்ந்தன.

“ஏய்யா, காய்க்கிற பந்தல்ல என்ன வெளையாட்டு?” என்று பொன்ராஜின் மனைவி அழகம்மாள் வாய்க்கால் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். “சின்னப் புள்ளையா நீங்க? கைய எடுங்க.”

“வெளிநாட்டுக் கம்பி அப்பு” என்றார் பொன்ராஜ் பெருமையாக. “துருவே புடிக்கல. நம்ம கட்டுக்கம்பி ரெண்டு மழைக்குத் தாங்காது.”

கம்பிகளைக் கேட்டேன். மன்றாடினேன் என்பதே சரி. கச்சேரி, கீபோர்டு, மச்சினன் எல்லாவற்றையும் எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பந்தலை நிமிர்ந்து பார்த்தார்.

“காய்ப்பு முடியட்டும். பந்தலப் பிரிக்கையில நானே கொண்டாந்து தாரேன். வைகாசி ஆகும்.”

கிதாரைப் பற்றி மட்டும் தகராறு இல்லை. என் கிதாரைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. “ஆத்தி, என்னா கனம்! பலாவுலயா? இதுல்ல மரம்! அது காத்தடிச்சாப் பறந்துரும்” என்றார். பண்டமாற்று அங்கேயே முடிந்தது. என் கம்பிகளை மட்டும் கழற்றிக்கொண்டேன். ஏமாந்தவர் அவர் என்ற குற்ற உணர்ச்சியோடு பேருந்து ஏறினேன். வழியனுப்ப வந்த அவர் முகத்திலும் அதே உணர்ச்சி தெரிந்தது.

மெலிந்த கழுத்தில் பழைய கம்பிகளைக் கட்டி ஒத்திகைக்குப் போனேன். இடையிசை வந்தது. கை தாவியது, எவ்வளவு எளிதாகத் தாவியது என்றால், உரிய நேரத்துக்கு முன்பே போய் அமர்ந்துவிட்டது. பிறகு, வழக்கமான அளவு பிந்தி, என் சுரம் ஒலித்தது.

சூசை குச்சிகளை மடியில் வைத்துவிட்டுச் சொன்னான்: “சார், கை போயிருச்சு. நீங்கதான் இன்னும் போகல.”

அவன் சொன்னது உண்மை. விரல் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்த பிறகே நான் கம்பியை மீட்டினேன். அச்சுக்குப் போகுமுன் கடைசியாக ஒருமுறை பார்ப்பது தொழில் வழக்கம். நான் பார்த்து முடிப்பதற்குள் பாட்டு அச்சேறிவிடுகிறது. இதையெல்லாம் அந்தக் கணத்திலேயே உணர்ந்தேன். ஆனால் வாய் வேறு சொன்னது.

“கம்பிதான் காரணம். புடலைப் பந்தலில் மாட்டிக்கொண்டிருக்கும் அந்த வழவழப்பான கம்பி இருந்தால்…”

“பந்தல எப்ப சார் பிரிப்பாக?” என்று கேட்டார் அருளப்பன்.

“வைகாசியில்.”

“நமக்கு மாசியில கச்சேரி சார்.”

சித்தையன்கோட்டை மேடையில் ஒரு முடிவோடு நின்றேன்: சரிபார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அந்த இடம் நெருங்கியது, கை தாவியது, தாவிய வேகத்திலேயே மீட்டினேன். இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக நான் பிந்தவில்லை. முந்திவிட்டேன். ஏறத்தாழ வழக்கமாகப் பிந்தும் அதே அளவு. இடையிசை முடிந்துவிட்டதென்று நினைத்த பாடகர் மதன்குமார் சரணத்தைத் தொடங்க, சூசை அவரைத் துரத்த, அருளப்பன் இருவரையும் துரத்தினார். கூட்டம் விசிலடித்தது. அது மதன்குமாரின் மினுக்குச் சட்டைக்கு என்று பிறகு தெரிந்தது.

“பிந்தி வாறதுக்கு நாங்க பழகிட்டோம் சார்” என்றார் அருளப்பன், வேனில் ஏறும்போது. கோபமே இல்லாத குரல். அதனால்தான் முடிவு எனக்குப் புரிந்தது. “இன்னைக்கு முந்திட்டீங்களே.”

பங்குனியில் கீபோர்டு வந்தது. அந்த இடத்தை அது வாசிப்பதைக் கூர்ந்து கேட்டேன், பிழை பிடிக்கும் நோக்கத்தோடு. பிழை இல்லை. ஒலி, பிளாஸ்டிக் வாளியைத் தட்டுவது போல இருந்தது. அதைப் பிழையென்று யாரும் எண்ணவில்லை. எனக்கு மராக்கஸ் தரப்பட்டது. கைப்பிடி மிக மெலிது. புகார் சொல்ல வழியில்லை. மேடையோரத்தில் நின்று குலுக்கிக்கொண்டிருப்பேன். அந்த இடம் வரும்போது என் இடக்கை மட்டும் கிலுகிலுப்பையின் பிடியைத் தானாக அழுத்திப் பற்றும். மிகச் சரியான நேரத்தில்.

வைகாசியில் பொன்ராஜ் அச்சகத்துக்கு வந்தார். மகள் கல்யாணப் பத்திரிகை. கையில், வாழை நாரால் கட்டிய நான்கு கம்பிச் சுருள்கள்.

“சொன்னபடி கொண்டாந்துட்டேன் அப்பு. ஒங்க கிட்டாரு ரொம்ப ஒசத்தி. மோட்டார் ரூம் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன். ஆடிக் காத்து அடிச்சாலும் அசையாது.”

வீட்டில் கம்பிகளைக் கட்டி, அந்த இடையிசையை வாசித்தேன். மெலிந்த கழுத்து, உருண்டையான ஒலி, புடலைக் கொடியின் பச்சை வாசனை வேறு. சுரம் உரிய இடத்தில் வந்து விழுந்தது. திரும்ப வாசித்தேன், திரும்பவும் விழுந்தது. தாளம் போட்டது என் கால்தான். அது எனக்காகக் காத்திருந்தது என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

கனகா முறத்தோடு வந்து நின்றாள். “இம்புட்டு நல்லா வருதே. கச்சேரியில மட்டும் ஏன் வரல?”

“சூசையின் டிரம்ஸ் கொஞ்சம் அவசரம்” என்றேன்.

“அப்பச் சூசைய மாத்துங்க” என்றாள்.

அதைப் பற்றி நான் சற்று நேரம் யோசித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.