தொட்டிக்கு எதிரே பேராசிரியர் படம்

விருது கொடுத்தவர்கள் பேராசிரியருக்கு ஆளுயரப் படம் ஒன்றையும் கொடுத்துத் தொலைத்தார்கள். தங்கநிறச் சட்டம், கன்னத்தில் கை, மனிதகுலத்துக்காகத் தூக்கம் கெட்ட கண்கள். வீட்டில் மாட்ட மனைவி விடவில்லை. அதனால் அது ஆய்வுக்கூடத்தில், எலிகள் நீந்தும் தொட்டி அறையில், கதவை ஒட்டிய சுவரில் ஏறியது.

தொட்டியில் பால்பொடி கலந்த நீர். அதற்கடியில், கண்ணுக்குத் தெரியாமல், கால் ஊன்ற ஒரு சிறு மேடை. நீந்தும் எலி சுற்றுச் சுவர்களைப் பார்த்து, மேடை எந்தப் பக்கம் என்று மூளைக்குள் வரைபடம் போட்டுக்கொள்ளும். அந்த வரைபட இலாகாவுக்குப் பெயர் ஹிப்போகாம்பஸ். அது பழுதான எலி தினமும் புதுசாய் வந்தது போலவே சுற்றும். நல்ல எலி கற்றுக்கொள்ளும். நிலைமை மாறினால் மாற்றியும் கற்றுக்கொள்ளும். இதை நிரூபிப்பதுதான் ஆராய்ச்சி மாணவியின் வேலை. அவளை வைத்துக்கொள்வதா, மூட்டை கட்டச் சொல்வதா என்று வெள்ளிக்கிழமை குழு முடிவெடுக்கும்.

திங்கட்கிழமை நல்ல எலிகளெல்லாம் ஒன்றுபோல மேடைக்கு நேர் எதிர்ப்பக்கம் நீந்திப் போய்த் திருதிருவென்று விழித்தன.

“குப்பை!” என்றார் பேராசிரியர். “எலிக்கும் மூளை இல்ல, உனக்கும் இல்ல. நீ தேறமாட்டேன்னு குழுவுல நானே சொல்லிடறேன்.”

அவள் அக்காவுக்கு ஃபோன் போட்டாள்.

“ஏண்டி, இத்தனை வருஷமா எலியக் குளிப்பாட்டினதுக்கு ஒரு பட்டம்கூடத் தரமாட்டாங்களா?”

“எல்லா எலியும் ஒரே தப்பப் பண்ணுதுக்கா.”

“அப்ப யாரோ முன்னாடி நின்னு வழி காட்டியிருக்காங்க. நம்ம குடும்பமே தப்பான ரயில்ல ஏறினது யாரால? சித்தப்பா பின்னாடி போய்த்தானே?”

அவள் தொட்டி விளிம்பில் தாடையை வைத்து, எலியின் கண்மட்டத்தில் பார்த்தாள். ஜன்னல் பாதிதான் தெரிந்தது. பேராசிரியர் முழுசாகத் தெரிந்தார், ஆனால் எதிர்ச்சுவரில்! கதவைத் திறந்ததும் தரிசனம் கிடைக்கட்டும் என்று சனிக்கிழமை ஆள்விட்டு மாற்றியிருந்தார். தினமும் பார்த்துச் சலித்த படம். இடம் மாறியதை அவள் கவனிக்கவே இல்லை. எலிகள் கவனித்திருந்தன.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் தொண்டையைச் செருமுவதற்குள் அவள் எழுந்தாள்.

“ஐயா, மூளை நல்லா இருக்கிற எலியெல்லாம் உங்க படத்தப் பாத்துத்தான் வழி கண்டுபிடிச்சுது. மூளை பழுதானதுதான் உங்களக் கண்டுக்கவே இல்ல.”

பேராசிரியர் மலர்ந்தார். “குழு இதக் குறிச்சுக்கணும்.”

குழுத் தலைவி குறித்துக்கொண்டார். “அப்புறம்?”

“செவ்வாய்க்கிழமை படத்த வேற சுவத்துல மாட்டினேன். நல்ல எலிங்க அது பின்னாலயே போச்சு, மேடை கிடைக்கல. புதன்கிழமை கொஞ்சம் தயங்குச்சு. நேத்து, படம் எங்க இருந்தாலும் சட்டை பண்ணாம, ஜன்னலையும் குழாயையும் பாத்து நேரா மேடைக்குப் போயிடுச்சு. பழுதானது இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. நல்ல மூளை, யார நம்பக்கூடாதுன்னும் கத்துக்குது மேடம்.”

யாரோ இருமினார்கள். இருமல் பரவி, சிரிப்பாகி, தலைவியின் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வைத்தது. பேராசிரியர் வாயைத் திறந்தார். மறுத்தால் தன்னைத் தேடிய எலிகளையும் சேர்த்து மறுக்க வேண்டும். மூடிக்கொண்டார்.

“மூட்டையெல்லாம் கட்ட வேண்டாம்மா,” என்றார் தலைவி, கண்ணைத் துடைத்தபடி. “ஆய்வேட்ட எழுதி முடி. பட்டம் உனக்குத்தான்.”

வெளியே வந்ததும் வராததுமாக அவள் ஃபோனை எடுத்தாள்.

“அக்கா! ஜெயிச்சுட்டேன்! சித்தப்பாவுக்கு ஒரு நன்றி சொல்லிடு.”

“எதுக்குடி?”

“அந்த ரயிலுக்கு.”