கூப்பிடு தூரம்

2005 மார்ச் தொடங்கி 2009 முடியும் வரையில், அம்மா கூப்பிட்டாள் என்று சொல்லிக்கொண்டு இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் லயத்துக்கு, தொழிலாளர்கள் குடியிருக்கும் அந்த வரிசை வீடுகளுக்கு, நூற்றுப் பதினாறு ஆண்பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட, அங்கே குடியிருந்த சண்முகவடிவு பெற்றதில்லை. மாத்தறையிலிருந்து வந்தவன் உண்டு, நோர்வேயிலிருந்து வந்தவன் உண்டு. பிரேசில்காரன் ஒருவன் அடைமழைக் காலத்தில் அரைக்காற்சட்டையோடு வந்து, பற்கள் தந்தியடிக்க வீட்டு முன்வாசல் இஸ்தோப்பில் நின்றான். எல்லோருக்கும் அவள் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள், பால் விடாத சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், அவரவர் தாயிடம் திருப்பியனுப்பினாள். அவள் பெற்றது ஒன்றே ஒன்று. பெயர் சின்னராசா. அந்த நூற்றுப் பதினாறில் அவன் இல்லை.

சின்னராசா வீட்டை விட்டுப் போனது 1998 ஆடியில், பதினெட்டு வயதில். தங்களுக்குப் பிறகும் வீட்டில் யாராவது தோட்ட வேலைக்குப் பேர் பதிந்திருந்தால்தான் தோட்டம் கொடுத்த ஒற்றை அறைக் காம்பராவில் தைரியமாக இருக்கலாம் என்பது சண்முகவடிவின் கணக்கு. தப்பென்று சொல்ல முடியாது, அந்தப் பக்கத்துத் தாய்மார் எல்லோருடைய கணக்கும் அதுதான். மகனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவன் பெயரைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். விடியற்காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் தன் பெயரை வாசித்தபோதுதான் அவனுக்குச் சங்கதி தெரிந்தது. தாயும் மகனும் வாயில் வந்ததையெல்லாம் பேசினார்கள். தகப்பன் பொன்னையா தேயிலை ஆலையில் வேலை பார்ப்பவர், சாதாரண நாளிலேயே நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார், அன்றைக்கு அந்த நாலும் இல்லை. பையன் மத்தியான ரயிலில் கொழும்புப் பக்கம் போனான். கடிதம் இல்லை, ஆள் மூலம் தகவல் இல்லை, கொழும்பில் தமிழ்ப் பையன்களைப் பிடித்துப்போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்த நாட்களில்கூட ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

அன்று மாலை கொழுந்து நிறுத்து முடிந்ததும், கூடையைக்கூட இறக்காமல், சண்முகவடிவு நிறுவைக் கொட்டகையான மடுவத்துக்கு அருகிலுள்ள பாறையில் ஏறி ரயில் பாதைப் பக்கம் பார்த்து மகனை ஒரு தடவை கூப்பிட்டாள். "சின்னராசாஆஆ" என்று கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிட்ட அந்தக் குரல் பள்ளத்தைத் தாண்டி எதிர்மலையில் முட்டித் திரும்பியது. மறுநாளும் கூப்பிட்டாள். அதற்கடுத்த நாளும். மழையானாலும் பனிமூட்டமானாலும் ஒரு நாளைக்கு ஒரு தடவை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் மாதம் லயத்துப் பெண்கள் அழுதார்கள், இரண்டாம் மாதம் தேற்றினார்கள், அதன்பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டு விளக்கு வைக்கப் பழகிக்கொண்டார்கள்.

கொட்டகலையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்த குகநேசன் மாஸ்டர் யாழ்ப்பாணத்தார், கல்யாணமாகாதவர், கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தார். சம்பளத்தில் பாதியைப் போட்டு வாங்கிய கணினியில் தனியாக உட்கார்ந்து பாட்டுக் கட்டுவதுதான் அவருடைய கிறுக்கு. வயலின் ஒலி யாரோ ஒரு வெள்ளைக்காரர் இலவசமாகக் கொடுத்தது, மேளம் யாரோ ஒரு ஜப்பான்காரர் கொடுத்தது. ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிவுசெய்து, யாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டுவைக்கும் புண்ணியவான்கள் உலகத்தில் நிறையப்பேர் இருந்தார்கள். கூட்டுக்குரல்களும் இலவசமாகக் கிடைத்தன. ஆனால் அவை தமிழ்ப் பாட்டுக்குப் பின்னால் வந்தபோது, கோட்டுப் போட்டவர்கள் கல்யாணப் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டே இருக்கிறோமே, நாமும் ஒன்று கொடுக்க வேண்டாமா என்ற கூச்சமும் அவருக்கு இருந்தது. 2004இல் ஒரு மாலை நடக்கப் போனவர் பாறையிலிருந்து வந்த குரலைக் கேட்டார். அப்படியே தெருவில் நின்றுவிட்டார்.

அவர் வந்து கேட்டுக்கொண்டபடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்முகவடிவையும் சேர்த்து ஒன்பது பெண்கள், குளித்துப் பூ வைத்துக்கொண்டு, மாஸ்டரின் அறைக்குப் போனார்கள். சத்தம் எதிரொலிக்காமலிருக்கச் சுவரெல்லாம் தேயிலைச் சாக்கு தொங்கியது. மாஸ்டர் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி, இந்தச் சுருதியில் "ஆ" என்று பாடுங்கள் என்றார். ஒன்பது பேரும் சிரித்தார்கள். இரண்டாம் தடவை சொன்னார், இன்னும் சிரித்தார்கள். மலையில் அவர்கள் குரல் எடுத்ததெல்லாம் யாரையாவது கூப்பிடத்தான், வெறும் வாயால் கத்த அவர்களுக்கு வரவில்லை. பக்கத்துக் காம்பரா ராக்காயிதான் துணிந்து சொன்னாள்: "சும்மா ஆன்னு எப்புடிங்க சார் கத்துறது? யாரயாச்சும் கூப்பிடணும்ல."

"அப்ப ஆரையெண்டாலும் கூப்பிடுங்கோ அக்கா. பேரை நான் பிறகு வெட்டிறன்" என்றார் மாஸ்டர்.

அதுதான் எல்லாவற்றுக்கும் காரணமாகப் போனது. ஒருத்தி புருஷனைக் கூப்பிட்டாள், ஒருத்தி தங்கச்சியைக் கூப்பிட்டாள். ராக்காயி தன் ஆட்டைக் கூப்பிட்டாள், ஆட்டின் பெயர் லெச்சுமி, அதனால் "ஈ" அவளிடமிருந்து கிடைத்தது. சண்முகவடிவு யாரைக் கூப்பிட்டாள் என்று சொல்லத் தேவையில்லை. பன்னிரண்டு சுருதியில் பன்னிரண்டு தடவை கூப்பிட்டாள். மாஸ்டர் இரண்டு மாதம் கண்விழித்து, பெயர்களின் தலையை வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டார். ஹட்டனில் ஒரு கடையிலிருந்து இணையத்தில் ஏற்றப் பார்த்தார், மூன்று சனிக்கிழமை வீணாய்ப் போயிற்று. கடைசியில் சீடியில் எழுதி, இப்படிப்பட்ட ஒலிகளை இலவசமாகப் பகிரும் ஜெர்மன்காரர் ஒருவருக்குத் தபாலில் அனுப்பினார். கூடவே ஒரு குறிப்பு: மலைநாட்டுப் பெண்களின் கூட்டுக்குரல், யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், காசு வேண்டாம், கொட்டகலை, இலங்கை.

முதலில் வந்த மின்னஞ்சல் ஆட்டைப் பற்றியது. ஸ்கொட்லாந்தில் ஒருவர் வீட்டு மாடியில் இருந்து "ஈ"யை வாசித்திருக்கிறார், பக்கத்துப் பண்ணையின் மூன்று ஆடுகள் மாடிப்படி ஏறி வந்து கதவை முட்டியிருக்கின்றன. ராக்காயியிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை, தான் கூப்பிட்டால் ஆடு வரத்தானே வேண்டும் என்றாள். அதற்கடுத்த வாரம் மாத்தறையிலிருந்து ருவன் என்ற சிங்களப் பையன் வந்தான். வீட்டில் கணினியில் பாட்டுச் செய்பவன். "ஆ"வை அழுத்தியிருக்கிறான், அது அவன் காதில் அவனுடைய அம்மா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாக விழுந்திருக்கிறது. நான்கு வருடமாக அவன் அம்மாவோடு பேச்சில்லை. குறிப்பில் ஊர்ப் பெயர் இருந்தது, ரயிலேறி, கொட்டகலையில் விசாரித்து லயத்துக்கு வந்துவிட்டான். இஸ்தோப்பில் சண்முகவடிவைக் கண்டதும் இது தன் அம்மா இல்லை என்று அவனுக்கும் தெரிந்தது. ஆனாலும் நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவள் அவனை "புதே", மகனே, என்று கூப்பிட்டு, சாப்பிடச் சொல்லி, நேராக மாத்தறைக்குப் போய் அம்மாவைப் பார் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். அவன் போனான். அதன்பிறகு மாதத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று வந்துகொண்டேயிருந்தார்கள். பொன்னையா மா மூட்டையைப் பார்ப்பார், பெண்சாதியைப் பார்ப்பார், ஆலைக்குப் போவார்.

மாஸ்டர் கணக்கு வாத்தியார் அல்லவா, வந்தவர்களைக் கட்டம் போட்டு எழுதிவைத்தார். எழுதப் போய்த்தான் ஒன்று விளங்கியது. அந்த ஒலியை ஆயிரக்கணக்கானவர்கள் பயன்படுத்தினார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் "ஆ". தாயோடு கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன பிள்ளைகளுக்கு மட்டும் அது அவரவர் பெயராகக் கேட்டது, ஒருத்தருக்கும் தப்பவில்லை. பிறத்தியார் நடமாட்டம் என்று விசாரிக்க வந்த பொலிஸ்காரர் ஒருவர்கூட, என்னதான் அது என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, மறுநாளே லீவு போட்டுக் குருநாகலுக்குப் போனார். மாஸ்டர் இதைப் பெருமையாகச் சண்முகவடிவிடம் சொன்னார். பாவம், சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப எம் புள்ளைக்கு மட்டும் ஏங்க சார் கேக்கல?" என்றாள் அவள்.

இதற்குக் கணக்கில் ஒரே ஒரு விடைதான் இருந்தது, அது மாஸ்டருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஊர் உலகத்துக்கெல்லாம் கேட்கிற சத்தம், கொழும்பு பஸ்களில்கூட ஏதேதோ பாட்டுக்குப் பின்னால் ஒலிக்கிற சத்தம், அவனுக்குக் கேட்கவில்லையென்றால் கேட்க அவன் இல்லை. மாஸ்டர் பதறிப்போய், பெயரை வெட்டாமல் முழுதாக இன்னொரு தடவை பதிவுசெய்து அனுப்பினார். அதை யாரும் எடுக்கவில்லை. யாரோ ஒரு சின்னராசாவை அவர்கள் பாட்டில் எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்? சண்முகவடிவு மாலைதோறும் பாறையில் ஏறுவதை நிறுத்தவில்லை. ஆனால் வருகிற பிள்ளைகளுக்கு ரொட்டி சுடும்போது இவன் இருக்கிறான், என் பிள்ளை இல்லை என்று நெஞ்சு எரிந்தது. எரிச்சல் வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு, இன்னொரு ரொட்டி கூடப் போட்டாள்.

2008 ஆடி பிறந்த மறுநாள் பொன்னையா வாயைத் திறந்தார். "இருந்தா கேட்டிருக்கும், வடிவு. அமாவாசைக்குத் திதி குடுத்துருவோம். அவன் ஆத்துமாவாச்சும் அலையாம இருக்கட்டும்" என்றார். பத்து வருடத்தில் அவர் ஒரேயடியாகப் பேசியது அவ்வளவுதான், பேசிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். புருஷன் அழுது அவள் பார்த்ததில்லை. சரி என்றாள். அன்று மாலை கொழுந்து நிறுத்தாள், கூடையை இறக்கினாள், பாறைப் பக்கம் போகாமல் வீட்டுக்கு வந்தாள். லயத்தில் அன்றைக்கு யாரும் நேரத்துக்கு விளக்கு வைக்கவில்லை. ராக்காயி இரண்டு தடவை வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பூசாரி கந்தப்பனுக்குச் சொல்லியாயிற்று. எள், பச்சரிசி, பூசணிக்காய் எல்லாம் வாங்கியாயிற்று. அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகல் ரயில் வந்துபோன கொஞ்ச நேரத்தில், இஸ்தோப்பில் ஒருவன் வந்து நின்றான். சண்முகவடிவு அடுப்படியிலிருந்து நிழலைப் பார்த்தாள். நிமிர்ந்து முகம் பார்க்கக்கூட மனமில்லை, வழக்கம்போல மாவில் தண்ணீர் ஊற்றினாள். உட்காரச் சொன்னாள். வந்தவன் உட்காரவில்லை. எந்த ஊர் என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தவள் மாக்கையோடு எழுந்தாள். உடம்பு பருத்திருந்தது, மீசை வந்திருந்தது, முழங்கையில் நெருப்புச் சுட்ட வடுக்கள் இருந்தன. பெற்றவளுக்கு அடையாளம் தெரியாதா?

சின்னராசா இத்தனை காலமும் மேற்குக் கடற்கரையில், நீர்கொழும்பில் ஒரு பேக்கரியில், பாண் ரொட்டி வேகும் போறணை அடுப்படியில் இருந்தான். அவனும் அவளைத்தான் மேலும் கீழும் பார்த்தான், காலில் விழுந்து காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அவனுக்குச் சத்தம் கேட்டதா என்று பொன்னையாதான் கேட்டார்.

"கேட்டுக்கிட்டேதாம்ப்பா இருந்துச்சு. போன அன்னைக்கே கேட்டுச்சு. பத்து வருசம், ஒரு நாள் தப்பல. அந்தச் சத்தத்துக்குத்தான் ரெண்டாவது பாணப் போறணையில வைப்பேன். சத்தம் வருது, அப்ப அம்மா நல்லாத்தான் இருக்குன்னு இருந்துட்டேன்" என்றான். பிறகு அவள் காலை மறுபடி தொட்டுப் பார்த்தான். "பதிமூணு நாளா வரல. அதான் ஓடியாந்தேன்."

மாஸ்டரின் சீடிக்கும் இணையத்துக்கும் ஏழு வருடம் முன்பிருந்தே, பாறையிலிருந்து போன சத்தம் நீர்கொழும்பு வரைக்கும் நேராகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பாட்டுகளிலும் அவன் அதைக் கேட்டிருக்கிறான், அம்மா குரல் இன்னொரு தடவை கேட்கிறது என்று நினைத்துக்கொண்டானே தவிர, அதில் புதிதாக அவனுக்கு ஒன்றுமில்லை. சண்முகவடிவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். மாக்கையாலேயே அவன் முதுகில் நாலு வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

"அப்ப நான் பத்து வருசத்துக்கு முந்தியே வாய மூடியிருக்கணும்" என்றாள்.

திதிக்கு வாங்கிய பூசணிக்காயைக் கறி வைத்தார்கள், பச்சரிசியைப் பொங்கினார்கள், அமாவாசையன்று வந்த கந்தப்பனும் செத்தவனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். மறுவாரம் போலந்துக்காரர் ஒருவர் வந்தார், அவரை ஸ்டேஷனிலிருந்து பெட்டி தூக்கிக் கூட்டிவந்தது சின்னராசாதான். ஒரு மாதம் இருந்தான். தொழில் இருக்கிறதே, நீர்கொழும்புக்குத் திரும்பிப் போனான். போகும்போது ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தான். அதில் கூப்பிட்டால் போறணையில் வேலை, அடுத்த மாதம் வருகிறேன் என்பான், அடுத்த மாதமும் அதையே சொல்வான். சண்முகவடிவு போனை மாடத்தில் வைத்துவிடுவாள். மாலையில் பழையபடி பாறையில் ஏறி ஒரு தடவை கூப்பிடுவாள், லயத்தில் விளக்கு வைப்பார்கள், நீர்கொழும்பில் இரண்டாவது பாண் வேகும். மகனைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் பிற்பகல் ரயிலில் அவன் வந்து இறங்குவான்.