முப்பத்தஞ்சு இன்ச்சுல ஒரு கூப்பிடு தூரம்

பெரிய டயர் மாட்டுனா ஊரு கிட்ட வந்துரும். போடி பக்கம் ஜீப் வச்சிருக்குற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தான். டயர் பெருசானா சுத்து குறையும், மீட்டர் கம்மியாக் காட்டும், மீட்டர் காட்டுற எடத்துக்கு ஊரு நகந்து வந்து உக்காந்துக்கும்.

சுருளிவேல் இதத்தான் நம்பி இருந்தான். தமயந்தியோட அப்பா அய்யணன் கறாராச் சொல்லிட்டாரு: "கூப்பிடு தூரத்துலதான் தம்பி பொண்ணு குடுப்பேன்." அவரு தொண்டைக்குக் கூப்பிடு தூரம்னா முப்பது கிலோமீட்டர். சுருளிவேல் வீடு முப்பத்தாறு.

தமயந்தி போன் போட்டா. "வெள்ளிக்கெழம வேற எடத்துல இருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. பதினெட்டு கிலோமீட்டராம்."

ஜீப்புல இருந்தது இருபத்தெட்டு இன்ச் டயரு. அதக் கழட்டிட்டு முப்பத்திமூணு மாட்டுனான். அய்யணன ஏத்திட்டு வந்து தன் வீட்டு வாசல்ல நிறுத்துனா, முப்பதரை.

"அரைக் கிலோமீட்டர்தான மாமா?"

"அந்த அரையிலதான் கொரலு கீழ விழுந்துரும் தம்பி."

வியாழக்கெழம, டயர்கடை ஜக்கரியா பாய் உள்ள இருந்து முப்பத்தஞ்ச உருட்டிட்டு வந்தாரு. யப்பா, டயரா அது! ஒவ்வொரு ரப்பர் கட்டையும் அச்சுவெல்லம் மாதிரி பொடச்சுக்கிட்டு நிக்குது. நடுவுல கைய விட்டா மணிக்கட்டு வரைக்கும் உள்ள போகுது. மட்கார்ட வெட்டி, பாடியத் தூக்கி மாட்டுனதும் ஜீப்பு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னுச்சு. கம்பம் பஸ்ஸு ஒண்ணு ஓரமா ஒதுங்கி, நல்லாப் பாத்துட்டுத்தான் போச்சு.

அய்யணன் வழி முழுக்க மீட்டர்லயே கண்ணா இருந்தாரு. இருபத்தெட்டு புள்ளி எட்டு. சுருளிவேல் வாசல்ல எறங்கி, தன் ஊருப் பக்கம் திரும்பி, வாயில கையக் குவிச்சு, "தமயந்தீ!"ன்னாரு.

"என்னப்பா?"

"நாளைக்கு வர்றவங்கள வர வேணாம்னு சொல்லிரு."

"சரிப்பா!" அதுல சிரிப்பும் சேந்து வந்துச்சு.

கல்யாணம் முடிஞ்ச மறுநாளே அய்யணன் கூப்புட ஆரம்பிச்சுட்டாரு.

"ஏத்தா, என் கண்ணாடி எங்க?"

"டிவி மேலப்பா!"

"காணோமே!"

மூணாவது நாள் தமயந்தி சொன்னா, "ஏங்க, கத்தி முடியல. நானே எடுத்துக் குடுத்துர்றேன். கை நீட்டுற தூரத்துக்கு வர எத்தன இன்ச் வேணும்னு கேளுங்க."

சுருளிவேல் கடைக்குப் போய்க் கேட்டான். ஜக்கரியா பாய் கால்குலேட்டரத் தட்டுனாரு.

"பதினாலு லட்சத்து நாப்பதாயிரம் இன்ச். செவ்வாக்கெழம லோடு வருது. நாலு போதுமா, ஸ்டெப்னிக்கும் சேத்து அஞ்சா?"

"அஞ்சாவே குடுத்துருங்க பாய்,"ன்னான் சுருளிவேல். "மலை ரோடு பாருங்க."