அரை விரல் கூடுதல்

ஜூலை 8, செவ்வாய். இன்றைய தவறு: அறுவை மெஷின் பெல்ட் அளவு. பழைய பெல்ட்டின் வெளிப்பக்கம் நூலைச் சுற்றி அளந்து, அந்த அளவையே கடையில் சொல்லிவிட்டேன். உள்சுற்றைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்று வகுப்பில் தெரிந்தது. வாங்கி வந்தது நீளம். அத்தா கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் போதும் என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும்.

மெஷின் பராமரிப்புக்கான மாலை வகுப்பில், அன்றன்றைய தவறை அன்றன்றே எழுதிவிட வேண்டும் என்பது சார் போட்ட விதி. பெஞ்சை விட்டு எழுவதற்கு முன் அரீபா அதை எழுதினாள். எழுதியதை அத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே முல்லா வீதிக்கு வந்தபோது, வீட்டு வாசலில் அவளுக்குத் தெரியாத செருப்புகள் கிடந்தன.

இப்போது மறுநாள் காலை. அத்தா கூடத்தில் வெள்ளைத் துணி மூடிக் கிடந்தார். அரீபா பின்கட்டுப் பட்டறையில், அறுவை மெஷினின் மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து, மோட்டாரைத் தாங்கும் சட்டத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தாவிடம் பல வருஷம் வேலை செய்த கண்ணையன் பக்கத்தில் குந்தியிருந்தார்.

இந்தக் குடும்பம் அந்தப் பகுதியில் யார் இறந்தாலும் கபருக்குப் பலகை அறுத்துக் கொடுத்துவந்தது. உடலைக் குழிக்குள் வைத்த பிறகு, மண் நேராக மேலே விழாமல் இருக்கக் குறுக்கே அடுக்கும் பலகைகள். அத்தா அப்துல் மாலிக் அதற்காகவே மாமரத் துண்டுகளைத் தனியாகப் போட்டு வைத்திருந்தார். கூலி கேட்டதில்லை. மாமா முஆஸ், மெஷின் ஓடாத நேரத்தில் வம்பு வேண்டாம், பலகையை வெளியில் வாங்கிவிடலாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் எடுக்க வேண்டும், நேரம் இல்லை என்பது அவர் கவலை. அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா பதுருன்னிசா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஊருக்கெல்லாம் அறுத்துக் குடுத்தாரு. அவருக்கு மட்டும் கடையில வாங்குவீங்களா?"

அண்ணன் ஷாரிக் அதிகாலை பஸ்ஸில்தான் சென்னையிலிருந்து வந்திருந்தான். அவனுக்கு மெஷின் பழக்கமில்லை. அவன் அரீபாவைப் பார்த்தான். அரீபா துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

மோட்டாரின் நான்கு போல்ட்டுகளும் தளர்ந்திருந்தன. மோட்டார் தன் இடத்தைவிட்டுக் கோணலாக நகர்ந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் பின்னால் போயிருந்தது. சட்டத்தின் மேல் ஸ்பேனர் கிடந்தது.

"இத யாருண்ணே கழட்டுனது?"

கண்ணையன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாய்தான். நான் சொன்னேன், பெல்ட்டு நீளமா இருக்குது, பாப்பா வந்ததும் குடுத்துட்டு வேற வாங்கியாரட்டும்னு. வேணாம், மோட்டாரப் பின்னால நவுத்திட்டா இதுவே போதும்னாரு. நாளைக்கி நவுத்தலாம் பாய்னேன். அவ வர்றதுக்குள்ள மெஷின் ஓடணும், அவகிட்ட ஒண்ணும் சொல்லிக்காதன்னு சொன்னாரு. நான் டீ குடிச்சிட்டு வர்றேன்னு போனேன் பாப்பா. வந்து பாத்தா இங்கயே சாஞ்சி கெடந்தாரு. அவ்ளோதான்."

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு தாங்காது, இந்த மோட்டாரைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் அத்தாவிடம் சொன்னது போன வருஷம். சொன்னபோது அரீபாவும் பக்கத்தில் இருந்தாள்.

அவள் டார்ச்சை அணைத்தாள். கை நீட்டி மோட்டாரின் ஒரு முனையைப் பிடித்தாள். பிறகு சொன்னாள்.

"இந்தப் பக்கம் புடிங்கண்ணே. சேத்து இழுப்போம்."

இருவரும் இழுத்தார்கள். சட்டத்தில் போல்ட் நகரும் பள்ளத்தின் கடைசி வரை மோட்டார் போனது. அப்படியும் பெல்ட் தொய்வாகவே இருந்தது. அரீபா ஒரு கட்டையைச் செதுக்கி மோட்டாருக்கும் சட்டத்துக்கும் நடுவே முட்டுக் கொடுத்தாள். போல்ட்டை இறுக்கினாள். சுவிட்சைப் போட்டதும் ரம்பம் சுற்றியது. மரத்தை வேகமாகத் தள்ளினால் பெல்ட் வழுக்கி ரம்பம் நின்றது, மெதுவாகத் தள்ளினால் அறுத்தது. மெதுவாகவே தள்ள வேண்டும்.

குழி வெட்டுகிறவர் எப்போதும்போல அளவுக் குச்சி அனுப்பியிருந்தார். குழியின் அகலத்துக்கு ஒடித்த சவுக்குக் குச்சி. அத்தா அதை மரத்தின் மேல் வைத்து ஒரு கோடு கிழிப்பார், அறுப்பார், அவ்வளவுதான். டேப் எடுக்க மாட்டார். அரீபா குச்சியை வைத்துக் கோடு கிழித்தாள். டேப்பால் குச்சியை அளந்தாள். மறுபடி கோட்டை அளந்தாள். குச்சி ஒடித்த முனை சொரசொரப்பாக இருந்தது. எந்த முனையிலிருந்து அளப்பது? குறைந்துவிட்டால் பலகை உள்ளே சரிந்து அத்தாவின் மேல் விழும். கூடினால் தவறில்லை. அவள் கோட்டுக்கு அப்பால் அரை விரல் விட்டு இன்னொரு கோடு போட்டாள்.

"பாய் இருந்தா, குழிக்குள்ள யாரு ஸ்கேலு வெச்சிப் பாக்கப்போறான்னு கேப்பாரு" என்றார் கண்ணையன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பலகையைத் தள்ளினாள். மெதுவாக. மரத்தூள் அவள் முன்னங்கையில் படிந்தது. ஒவ்வொரு பலகையின் ஓரத்தையும் உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்தாள். இழைப்பு வேண்டாம், மண்ணுக்குப் போவதுதானே, ஆனால் எடுத்து வைக்கிறவன் கையில் சிலாம்பு ஏறக் கூடாது என்பார் அத்தா.

கடைசிப் பலகை அறுபட்டு விழுந்தபோது வாசலில் உடலைச் சுமந்துபோகும் சந்தூக் வந்து இறங்கிவிட்டது. முஆஸ் மாமா பட்டறைக்குள் வந்து பலகைகளை எண்ணினார். நல்லா இருக்குதும்மா என்றார். பிறகு, போய் முகம் பாத்துக்க, மூடப்போறாங்க என்றார்.

கூடத்தில் பெண்கள் வழிவிட்டார்கள். சின்னம்மா இஃப்ஃபத் அவள் தலையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். கஃபன் துணி முகத்தளவு மட்டும் திறந்திருந்தது. அத்தாவின் காதோரம் ஒரு சின்ன நகக் கீறல் இருந்தது, இறந்த பிறகு ஏற்பட்டதா முன்பே இருந்ததா என்று தெரியவில்லை. பெல்ட் நீளம் அத்தா என்று சொல்ல வேண்டியிருந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவள் சொல்லவில்லை. துணியை மூடினார்கள்.

ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பலகைகள் பின்னால் ஒரு குட்டி யானை வண்டியில் போயின. பெண்கள் கபரஸ்தானுக்குப் போகும் வழக்கமில்லை. யாசீன் ஓதும் குரல்களுக்கு நடுவே அரீபா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது ஷாரிக்கின் முழங்கால்களில் செம்மண் இருந்தது. அவள் வாசலுக்குப் போனாள்.

"பலகை?"

"கரெக்டா இருந்துச்சி" என்றான் ஷாரிக். அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

வெளிக் குழாயடியில் முஆஸ் மாமா கால் கழுவிக்கொண்டே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. பலகை கொஞ்சம் நீளம், உள்ளே இறங்கவில்லை, குழி வெட்டுகிறவர் மறுபடி இறங்கி இரண்டு பக்கமும் மண்ணைச் செதுக்கி அகலப்படுத்தினார், அதுவரை மய்யித்தைக் குழிக்குள் வைத்துக்கொண்டு எல்லாரும் வெயிலில் நின்றோம் என்றார். சின்னப் பெண், பாவம், அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்றார்.

அரீபா ஜன்னலிலிருந்து விலகினாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"என்னாவாம்? பலகையெல்லாம் சரியா இருந்துச்சாமா?"

"சரியா இருந்துச்சாம்மா."

அம்மா தலையை ஆட்டினாள். உன் அத்தா கைப்பழக்கம் உனக்கு வந்திருச்சு என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூலை 9, புதன். இன்றைய தவறு: பலகை அரை விரல் கூடுதல். நாளை: கண்ணையன் அண்ணனைத் தட்டாஞ்சாவடி பெல்ட் கடைக்கு அனுப்ப வேண்டும். பெல்ட்டின் உள்சுற்றை அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும்.