திறந்திருந்த கேட்

ஐந்து நட்சத்திரம் என்று பத்திரிகை ஆசிரியர் கீத் சிட்னியில் உட்கார்ந்தபடியே தீர்மானித்துவிட்டார். ஜி.பி.எஸ். வழிகாட்டும் பெட்டியை இனிமேல்தான் காரில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். அது வேறு விஷயம்.

"பின் அட்டை முழுக்க அந்தக் கம்பெனி விளம்பரம், ப்ரோன். நீ ஏடாகூடமா எதையாவது எழுதினே, உன் பக்கமே இருக்காது. இப்பவே சொல்லிட்டேன்."

"ஓட்டிப் பாத்துட்டு எழுதறேன்" என்று போனை வைத்தாள் ப்ரோன் ஹாட்ரிக்.

வாகன ஓட்டிகள் சங்கத்தின் மாத இதழில் பல வருஷமாக அவளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. டயர், பேட்டரி, கூடாரம், எது வந்தாலும் பாடாய்ப் படுத்திப் பார்த்துவிட்டு எழுதுவாள். டப்போ ஊரில் பழைய கார் விற்ற குடும்பம். பால்பல் விழும் முன்பே, பெயின்ட் புதிதாக இருந்தால் கீழே துரு இருக்கும் என்று தெரிந்துகொண்டவள்.

பர்க் ஊரில் காலையில் கிளம்பும்போது பெட்டிக் கம்பெனியின் ஆள் ஜூலியன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். சிட்னிக்காரன். பூட்ஸில் கடை வாசனை இன்னும் போகவில்லை.

சோதனைக்கு ப்ரோன் போட்ட விதி ஒன்றுதான்: டிபூபரா போய்ச் சேரும்வரை பெட்டி சொல்வதே வேதம். மேப் கூடாது, தெரிந்த வழி கூடாது.

ஊருக்குள் பெட்டி சமர்த்தாகத்தான் இருந்தது. இறைச்சி அடைத்த 'பை' பலகாரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டதும் நல்ல பேக்கரியின் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தியது. அதைக் குறித்துக்கொண்டாள். தார் ரோடு முடிந்து செம்மண் தொடங்கியதும்தான் அதற்குத் துளிர்விட்டது.

"இடதுபுறம் திரும்பவும்" என்றது உள்ளிருந்த பெண்குரல். இடதுபுறம் ஒரு வண்டித்தடம். தபால் போடுவதற்காகப் படுக்க வைத்த எண்ணெய் டிரம். அதில் 'குவில்ட்டி' என்று பண்ணையின் பெயர் பெயின்டில் கிறுக்கியிருந்தது.

"இது யாரோட பண்ணைக்கோ போற தடம், ஜூலியன்."

"சாட்டிலைட் மேலேர்ந்து பாத்துச் சொல்லுது, ப்ரோன். அதுக்குத் தெரியாதா?"

"பருந்தும்தான் மேலேர்ந்து பாக்குது. அதுகிட்ட யாரும் வழி கேக்கறதில்ல."

ஆனாலும் விதி விதிதானே. திரும்பினாள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு கேட், அகலத் திறந்து, காற்றில் ஆடாதபடி கம்பியால் கட்டியிருந்தது. அதைத் தாண்டியதும் ஜூலியன் அவசரமாக ஒதுங்க வேண்டும் என்றான். அவன் இறங்கிப் போய் வரும்வரை ப்ரோன் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை.

தடம் ஒரு வறண்ட ஓடையில் போய் முடிந்தது. ஆள் உயரக் கரை. "நேராகச் செல்லவும்" என்றது பெட்டி.

"நேராப் போனா நேரா பரலோகம்தான்" என்று ப்ரோன் வண்டியைத் திருப்பினாள்.

திரும்பி வந்தால், கேட்டில் திருவிழாக் கூட்டம். மாடுகள் முண்டியடித்து வெளியே ஓடிக்கொண்டிருந்தன. வேலிக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கேட்டைப் பிடித்தபடி, வெயிலில் வெந்த முகத்தோடு ஒரு பெரிய பெண்மணி நின்றிருந்தாள்.

"உங்கள்ல யாருப்பா அந்த ஒழுக்கமான பிள்ளை?"

ஜூலியன் கையைத் தூக்கினான். "நான்தான் மூடினேன், மேடம். திறந்து கிடந்துச்சு. மாடு வெளியே போயிடுமேன்னு..."

"மேடமா? நான் டெல்மா. போகட்டும்னுதான்யா திறந்து வச்சேன்! மாடு உள்ள, தண்ணித் தொட்டி வெளிய. நடுவுல உன் நல்ல புத்தி!"

ப்ரோனுக்குக் காது சுட்டது. கேட்டை இருந்தது இருந்தபடியே விட்டுப் போக வேண்டும். திறந்திருந்தால் திறந்தே, மூடியிருந்தால் மூடியே. இங்கே தவழும் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அதனாலேயே ஜூலியனுக்குச் சொல்லித் தர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"தப்பு என்னோடதும்தான், டெல்மா" என்று இறங்கிப் போய்ச் சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தினாள்.

"இந்தப் பெட்டி விற்பனைக்கு வந்ததிலேர்ந்து இதே ரோதனைதான், கண்ணு. என் நிலத்தை எனக்கே ரோடுன்னு காட்டறாங்க. போர்டு வச்சேன். அதுகூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டுப் போறாங்க!"

ஜூலியன் ப்ரோனிடம் குரலைத் தாழ்த்தினான். "மேப்பைச் சரிபண்ணிடுவோம். இதை மட்டும் எழுதாதீங்க. அஞ்சு வேண்டாம், நாலு போதும்."

ப்ரோன் கம்பத்தின் அடியில் மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தினாள்.

"மூணரை?"

மண்ணை மிதித்தாள்.

"சரி, மூணு!"

"நான் வாயே திறக்கல, நீயே இறங்கிட்டு வரே. எங்க பழைய கார் கடையில ஒருத்தன் இப்படி விலை இறங்கினா, முதல்ல பானெட்டைத் தூக்கி உள்ள இன்ஜின் இருக்கான்னு பாப்போம்."

அவன் டெல்மா பக்கம் திரும்பி, ஒரு பெட்டி இலவசம் என்றான்.

"குடு. செவலை மாட்டுக் கழுத்துல கட்டறேன். அதுக்காவது வீட்டுக்கு வழி தெரியும்."

அங்கே செல்போனுக்கு சிக்னல் இல்லை. டெல்மா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதியதை, அங்கிருந்த போனில் கீத்துக்குப் படித்துக் காட்டினாள் ப்ரோன். பேக்கரி, ஓடை, மாடு, கேட்டை மூடவிட்ட தன் தப்பு, எதையும் விடவில்லை. "ஒரு நட்சத்திரம். அதுவும் பேக்கரியைக் கண்டுபிடிச்சதுக்கு."

"விளையாடறியா? இதைப் போட்டா விளம்பரம் போயிடும். விளம்பரம் போனா உன் பக்கமும் போயிடும்."

அந்தப் பக்கம்தான் அவளுக்குச் சோறு. போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்போ இதுதான் கடைசிப் பக்கம்னு மேலே போட்டுடு, கீத். எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போடு, வயசானவங்க படிக்கட்டும். மூணு நட்சத்திரம்னு மாத்தி என் பேரைப் போட்டே, அடுத்த நாள் ஊர் ஊராப் போய் அது என் எழுத்து இல்லன்னு சொல்லுவேன். காரும் இருக்கு, வழியும் தெரியும்."

டெல்மா போனைப் பிடுங்கினாள். "யோவ், நான் உங்க சங்கத்துல கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து மெம்பர். இவ பக்கம் இல்லன்னா, உங்க பத்திரிகை எங்க வீட்டுக் கக்கூஸ்ல ஆணியிலதான் தொங்கும்!"

மறுமுனையில் கீத் போனை வைத்துவிட்டார். போடுவாரா, மாட்டாரா என்று தெரியவில்லை. ப்ரோன் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சாவியை எடுத்தாள்.

கேட்டருகே ஜூலியன் தானாகவே இறங்கினான். திறந்திருந்த கேட்டைத் தொட்டுப் பார்த்து, கம்பியை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு வந்தான்.

பெரிய செம்மண் ரோட்டில் ப்ரோன் தனக்குத் தெரிந்த பக்கம் திரும்பினாள். "திரும்பிச் செல்லவும்" என்றது பெட்டி.

"அணைச்சிடவா?" என்றான் ஜூலியன்.

"வேண்டாம், கத்தட்டும். டிபூபரா வரைக்கும் கத்தினாலும் நான் திரும்பப் போறதில்ல" என்று ஆக்சிலரேட்டரை மிதித்தாள்.